கறவையை விடுவதா, குறைப்பதா: எங்கள் கட்டுத்தரைக் கணக்கு

பால்மாடு வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "பேசாம எல்லாத்தையும் வித்துப்போட்டு கம்பெனிக்குப் போயிரலாம்." சொன்னவர் அன்று சாயங்காலமும் மூன்று மணிக்கு மாடு கழுவ எழுந்து போய்விடுவார், அது வேறு விஷயம். நாங்களும் வருஷக்கணக்கில் இப்படிப் பேசியே ஓட்டியவர்கள்தான். வீட்டுக்காரருக்கு இடுப்பில் டிஸ்க் பிசகி, குனிந்து எடை தூக்குகிற வேலையெல்லாம் இனி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஏதாவது ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தது. அப்போது நாங்கள் போட்ட கணக்கையும், விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், செய்து பார்த்ததையும் எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு வரி உதவினாலும் போதும்.

ஈரோடு மாவட்டத்தில் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தோட்டம். அப்போது எட்டு உருப்படி கட்டுத்தரையில் நின்றன. எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு ஐந்து, ஜெர்சி கலப்பு மூன்று, கன்றுகள் தனி. ஒன்றரை ஏக்கரில் கோ 4 தீவனப்புல், வரப்போரம் அகத்தியும் சவுண்டலும், கோடைக்குச் சோளத்தட்டுப் போர். கூலிக்கு ஆள் கிடையாது. நானும் அவரும்தான். அத்தையால் முடிந்த அன்றைக்கு கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டுவார்.

முதலில் பணத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லாரும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எட்டு மாட்டில் எப்போதும் எட்டும் கறக்காது. ஒன்றிரண்டு வற்றி நிற்கும். ஆறு கறக்கிறது என்று வைத்து, வருஷச் சராசரியாக மாட்டுக்குப் பத்து லிட்டர் போட்டால் நாளைக்கு 60 லிட்டர். எச்.எஃப். பால் கொஞ்சம் தண்ணியாகத்தான் இருக்கும், கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு போக பாலில் இருக்கிற மற்ற திடச்சத்து) பார்த்து கழித்தது போக எங்களுக்கு லிட்டருக்கு 36 ரூபாய் கையில் நின்றது. ஆக நாளைக்கு 2,160 ரூபாய். அடர்தீவனம், அதாவது புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு, மூட்டைத் தீவனம் எல்லாம் சேர்த்து, உடம்புக்கு இரண்டு கிலோ, அப்புறம் லிட்டருக்கு நானூறு கிராம் என்ற கணக்கில் வைத்தால் கறக்கிற மாட்டுக்கு ஆறு கிலோ, வற்றின மாட்டுக்கு இரண்டு கிலோ. மொத்தம் 40 கிலோ. கிலோ 28 ரூபாய் என்றால் 1,120 அங்கேயே போய்விட்டது. விலைக்கு வாங்குகிற வைக்கோல், தட்டு 200. தாது உப்பு, சினை ஊசி, மருந்து, கரண்ட், கயிறு என்று ஒரு நூறு. மீதி 740 ரூபாய். காளைக் கன்று விற்கிற காசும் எருவும் ஒரு பக்கம், மாடு வயதாக ஆக விலை குறைந்துகொண்டே போவது இன்னொரு பக்கம், இரண்டும் ஏறக்குறைய நேராகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

இந்த 740ஐ லாபம் என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அது லாபம் இல்லை, எங்கள் இரண்டு பேர் கூலி. ஆளுக்கு ஆறு மணி நேரம் என்று போட்டால் மணிக்கு அறுபது ரூபாய் சொச்சம் வருகிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு ஒரு ஷிப்டுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். எட்டு மணி நேரத்துக்கு வகுத்துப் பார்த்தால் அதுவும் கிட்டத்தட்ட அதே அறுபதுதான். அன்றைக்குத்தான் ஒரு விஷயம் தெளிவானது: எங்கள் பிரச்சினை பால் விலை இல்லை. 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கினார்கள், 2023 டிசம்பரில் மேலே 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. ஏறிய விலையில் பாதியைத் தீவன மூட்டை தின்றது சரி, ஆனால் முழுதாகவே கையில் நின்றிருந்தாலும் எங்கள் வீட்டு நாள் ஒரு மணி நேரம்கூட மாறியிருக்காது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது. மாடு வளர்ப்பதில் வேலை அதிகம் என்று சொல்வது அரைகுறை உண்மை. ஆறு மணி நேரம் என்பது பெரிய வேலையா? ஆனால் இரண்டு பேர் பங்கு போட்டுச் செய்தும் அந்த ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போல் வருவதில்லை. காலை நாலரைக்கு எழுந்து சாணி வழித்து, மடி கழுவி, கறந்து, ஆறரைக்குள் பால் ஊற்றிவிட வேண்டும். அப்புறம் புல் அறுத்து வந்து மெஷினில் வெட்டிப் போட்டு, தண்ணீர் காட்டி முடிக்கப் பத்து மணி. நடுவில் ஒரு ஐந்து மணி நேரம் சும்மா. அந்த ஐந்து மணி நேரத்தில் டவுனுக்குப் போனால் திரும்பி வர ஓட வேண்டும், வேறு வேலைக்குப் போகலாம் என்றால் அரைநாள் ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்? மூன்று மணிக்கு மறுபடி ஆரம்பித்தால் ஆறு. நாள் முழுக்க நம்முடையது மாதிரி தெரியும், ஆனால் ஒரு துண்டுகூட உருப்படியாக நம் கைக்கு வராது. அதைவிட முக்கியம், உங்களுக்குப் பதில் நிற்க ஆள் கிடையாது.

என் சித்தப்பா மகன் கல்யாணத்தில் இணைச்சீர், அதாவது மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை முறையில் இருக்கிறவள் செய்கிற சீர், செய்ய வேண்டியவள் நான். அவனுக்கு உடன்பிறந்த அக்கா தங்கை இல்லை. எங்கள் பக்கம் கல்யாணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இணைச்சீர் செய்கிறவள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவர முடியாது, முந்தின நாளே போய் நிற்க வேண்டும், வீட்டுக்காரரும் கூட வருவதுதான் மரியாதை. நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறேன், வருகிறவர்கள் எல்லாம் "மச்சான் எங்கீங்க காணோம்" என்று கேட்கிறார்கள், அவர் வீட்டில் எட்டு மாட்டோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அன்று ராத்திரி பார்த்து ஒரு எச்.எஃப். கன்று போட்டது. விடியற்காலையில் மாடு எழுந்திருக்கவில்லை, காதைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது, தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துப் படுத்துவிட்டது. நிறையப் பால் கறக்கிற மாடுகளுக்குக் கன்று போட்ட ஒன்றிரண்டு நாளில் வருகிற பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சுடாது, ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போவதால் வருவது. டாக்டர் வந்து நரம்பில் கால்சியம் பாட்டிலை மெதுவாக ஏற்றினார், ஏற்றி முடித்துக் கொஞ்ச நேரத்தில் மாடு ஏப்பம் விட்டு, சாணி போட்டு, எழுந்து நின்றது. நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் போனில் "எந்திரிச்சிருச்சு" என்று அவர் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் நின்ற பெரியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிவிட்டார்.

இந்த மாதிரிக் கதை மாடு வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் உண்டு. எழவுக்குப் போனால் எடுக்கிறவரை இருக்க முடியாது, பிள்ளை காலேஜில் பெற்றோர் கூட்டம் என்றால் ஒருவர்தான் போகலாம், கோயிலுக்குப் போனால் அன்றே திரும்ப வேண்டும். இதோடு இப்போது பெண் பார்க்கப் போகிற இடத்தில் "கட்டுத்தரை இருக்குதுங்களா, எம் புள்ளைய மாடு பீச்சச் சொல்ல மாட்டீங்கல்ல" என்று நேராகவே கேட்கிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, விட்டுவிட்டு என்ன செய்வது? நான் கொஞ்ச காலம் பக்கத்து ஊரில் இருந்த சின்ன யூனிட்டில் செக்கிங் வேலைக்குப் போய்ப் பார்த்தேன். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், அதாவது ராத்திரி எட்டரை ஆகிவிடும், முடியாது என்று சொன்னால் அடுத்த வாரம் வேலை தருவார்களா என்பது சூபர்வைசர் மனசைப் பொறுத்தது. வேனில் போய்வர நேரம் தனி. கம்பெனிக்குப் போனால் நிம்மதி என்று நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருக்கிற நேரம் என்று பார்த்தால் மாடுதான் அதிகம் கொடுக்கிறது. ஆனால் கம்பெனியில் ஒன்று இருந்தது: ஞாயிற்றுக்கிழமை. அப்புறம் நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்த நாள் சம்பளம் மட்டும்தான் போகும். பனியன் துணி மேஜையில் கிடக்கும், நாளன்றைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மடி அப்படிக் காத்திருக்காது. ஒரு வேளை தப்பினாலே கட்டிக்கொண்டு மடிநோய்க்கு வழி பண்ணிவிடும்.

அதனால் எங்கள் கேள்வியை மாற்றிக்கொண்டோம். விடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம், வருஷத்தில் சில நாட்கள் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டை விட்டுப் போகிற மாதிரி இந்தக் கட்டுத்தரையை மாற்ற முடியுமா? முடியாது என்றால் விற்றுவிடலாம். இதற்கு மூன்று வழி தெரிந்தது. மாற்றாள் வைப்பது, மாட்டைக் குறைப்பது, எல்லா மாடும் ஒரே சமயத்தில் வற்றுகிற மாதிரி பார்த்துக்கொள்வது.

மாற்றாள் விஷயத்தில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது எங்கே என்றால், அவசரம் வந்த அன்றைக்குப் போய் ஆள் தேடுவது. புது ஆள் கை வைத்தால் மாடு சுரப்பு விடாது. பயந்தால் பாலை மேலே ஏற்றிக்கொள்ளும், காம்பில் வந்ததை மட்டும் கறந்துவிட்டு இவ்வளவுதான் என்று எழுந்துவிடுவார்கள், மடியில் நின்ற பால் அடுத்த நாள் வேலையைக் காட்டும். எங்கள் ஊரிலேயே முன்பு மாடு வைத்திருந்து விற்றுவிட்ட ஒரு அக்கா இருந்தார். அவரிடம் பேசி, அவசரம் ஏதும் இல்லாத காலத்திலேயே சாயங்காலத்தில் வந்து நான் பக்கத்தில் நிற்கும்போது கறக்கச் சொன்னோம். முதலில் ஜெர்சி, அப்புறம் மற்றவை. வேளைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்தோம், சும்மா கேட்டால் ஒரு முறை வருவார்கள், காசு கொடுத்தால்தான் கூப்பிட்டபோது வருவார்கள். சொந்தக்காரர்களிடம் காசு பேச நமக்குக் கூச்சம், அந்தக் கூச்சத்தில்தான் பாதிப் பேர் வீட்டோடு கட்டுண்டு கிடக்கிறோம். ஒரு அட்டையில் எந்த மாட்டுக்கு எத்தனை கிலோ தீவனம், எது உதைக்கும், எந்தக் காம்பு மந்தம், டாக்டர் நம்பர் என்ன என்று எழுதித் தூணில் மாட்டிவைத்தோம். சின்ன விஷயம்தான், ஆனால் அது வந்த பிறகு போன் வருவது பாதியாகக் குறைந்தது.

கறவை மெஷின் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். எட்டு மாட்டுக்கு நேரம் மிச்சமாகிறது என்று வாங்கினால் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை, கழுவுகிற நேரத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய அதே நேரம்தான். இடுப்புக்கும் கை விரலுக்கும் நல்லது. அதைவிட, மாடு மெஷினுக்குப் பழகிவிட்டால் ஆள் மாறுவதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. மாற்றாளுக்கும் கை வலிக்காது. எங்களுக்கு அந்தக் காரணத்துக்காகவே அது தகும். ஒன்று மட்டும் கவனம்: காம்பைப் பிடிக்கிற ரப்பர் லைனரை 2,500 கறவைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரே செட்டில் ஆறு மாடு, இரண்டு வேளை என்றால் ஏழு மாதத்தில் அந்தக் கணக்கு வந்துவிடும். கிழியவில்லையே, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று விட்டால் காம்பு முனை தடித்து மடிநோய் வரும், மிச்சம் பிடித்த காசு ஊசிக்குப் போய்விடும்.

குறைப்பது என்று முடிவானதும் எதை விற்பது என்பதில் வீட்டில் சண்டை. அவருக்கு எச்.எஃப். மேல் பிடிப்பு, ஒரு வேளைக்கு எட்டு ஒன்பது லிட்டர் கேனில் விழுகிற சத்தம் அவருக்கு ஒரு பெருமை. எனக்கு ஜெர்சி. எங்கள் வெயிலுக்கு எச்.எஃப். மே மாதத்தில் மூச்சிரைத்து, தீவனம் எடுக்காமல், பால் இறங்கி, பருவம் வந்ததே தெரியாமல் நாள் ஓட்டிவிடும். ஜெர்சி பால் குறைவுதான், ஆனால் கொழுப்பு நன்றாக இருப்பதால் லிட்டருக்கு விலை தேறும், தின்பதும் குறைவு, உடம்பு சின்னது, வேறு ஆள் பிடிக்கவும் பயம் இல்லை. வருமானம் மட்டும் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. இடுப்பையும் மாற்றாளையும் சேர்த்துப் பார்த்தால் நான் சொன்னது. கடைசியில் ஜெர்சி மூன்றும் நின்றன.

இப்போது விற்கிற விஷயம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெறுத்துப்போன அன்றைக்கு விற்கக் கூடாது. ஒரே மாட்டுக்கு வருஷத்தில் மூன்று விலை இருக்கிறது. நிறைசினையாகவோ, கன்று போட்டுப் புதுப்பாலிலோ இருந்தால் எங்கள் பக்கம் அப்போது நல்ல எச்.எஃப். அறுபதாயிரத்துக்கு மேல் போனது. அதே மாடு பால் இறங்கி, ஆனால் சினை உறுதியாகி இருந்தால் நடுவாந்தரம். பால் வற்றி, சினையும் இல்லாமல் நின்றால் கறி எடைக்குத்தான் விலை, இருபது இருபத்தைந்துக்குக் கேட்பார்கள். அப்படிப் போகிற மாடு எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், கேரளா லாரியில் ஏறும். தெரியாத மாதிரி இருந்துகொள்வோம். எனக்கு அதில் பெரிய நியாயம் பேச ஒன்றும் இல்லை, ஆனால் இளமாட்டைப் பராமரிக்காமல் விட்டு அந்த நிலைக்குக் கொண்டுபோவது நஷ்டம், பாவம் இரண்டும்.

ஆகவே விட நினைப்பவர்கள் ஒரு வருஷத் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, எந்த மாடு சினை, எது இல்லை என்று டாக்டரைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுவது, ஊசி போட்ட நாளைக் காலண்டரில் குறித்திருந்தாலும் கைவிட்டுப் பார்த்தால்தான் நிச்சயம். சினை இல்லாததற்குப் பருவம் பார்த்து ஊசி. மாடு 21 நாளுக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும். காலையில் கத்தினால் சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி, இது பழைய பாடம்தான், ஆனால் விற்கப்போகிறோம் என்ற அசட்டையில் ஒரு பருவத்தை விட்டால் 21 நாள் தீவனம் வீண். அப்புறம் ஒவ்வொன்றாக, எது நிறைசினை ஆகிறதோ அதை விற்பது. எங்கள் ஐந்து எச்.எஃப்.பும் போய் முடிய ஒரு வருஷத்துக்குக் கிட்ட ஆனது. அந்த ஒரு வருஷமும் கட்டுத்தரை மெதுவாகக் காலியானதில் எங்கள் உடம்பும் பண நடமாட்டமும் பழகிக்கொண்டன, ஒரே நாளில் எல்லாம் போயிருந்தால் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற பால் பணம் நின்ற அதிர்ச்சியில் திரும்ப மாடு வாங்கியிருப்போம். அப்படி வாங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன், விற்றது நாற்பதுக்கு, வாங்கினது அறுபத்தைந்துக்கு.

முடிந்தவரை வீட்டிலேயே விற்றோம். வாங்க வருகிறவர் இரண்டு வேளை கறந்து பார்த்துவிட்டுப் பேசுவார், நமக்கும் மாடு எங்கே போகிறது என்று தெரியும். ஒன்றை மட்டும் அவர் கருங்கல்பாளையம் வியாழக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிப்போனார். அங்கே துண்டுக்குள் கையைப் போட்டு விரல் பிடித்துப் பேசுகிற விலை நமக்குப் பிடிபடாது, பழகின ஆள் ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. வண்டி வாடகை, தரகு, சுங்கம் போக வீட்டில் கேட்ட விலையைவிட ஒன்றும் கூடுதலாக நிற்கவில்லை. கூட்டிப்போன மாட்டைத் திரும்ப ஓட்டிவர மனசு வராது என்பது வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும்.

அத்தைக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. "மாடில்லாத ஊடு ஊடாட்டவா இருக்கும்? எருவுக்கு எங்க போவீங்க?" என்றார். முதல் கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டாவது நியாயமான கேள்வி. எட்டு மாட்டு எரு இருந்தபோது மஞ்சளுக்கு விலைக்கு எரு வாங்கினதே இல்லை. மாட்டைக் குறைத்த பிறகு ஒரு டிராக்டர் லோடு எரு என்ன விலை என்று விசாரித்தபோதுதான், கணக்கில் எருவை "நேராகிவிடும்" என்று லேசாகத் தள்ளிவிடக் கூடாது என்று புரிந்தது. தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைத் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். வெறும் கட்டுத்தரை மட்டும் வைத்து, தீவனம் முழுக்க விலைக்கு வாங்கி நடத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்கள் வெளியேறுவது எங்களைவிடச் சுலபம், வெளியேற வேண்டிய காரணமும் அதிகம்.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் சேர்த்து வற்ற வைப்பது. நியூசிலாந்தில் பெரும்பாலான பண்ணைகளில் இப்படித்தான், மந்தை மொத்தமும் ஒரே பருவத்தில் கன்று போடும், குளிர்காலத்தில் மொத்தமும் வற்றி நிற்கும். இங்கே எட்டு மாட்டில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, மூன்றில் முயற்சி செய்யலாம். சினைக்காலம் 280 நாள். தை, மாசியில் ஊசி பிடித்தால் ஐப்பசி, கார்த்திகையில் கன்று. மழை பெய்து புல் பச்சையாக இருக்கிற காலம், வெயிலும் இல்லை. கன்று போடுவதற்கு 60 நாள் முன்னால் வற்ற வைக்க வேண்டும், அது எப்படியும் மடிக்குத் தேவையான ஓய்வு. தீவனத்தைக் குறைத்து, ஒரு வேளைக் கறவையாக்கி, அப்புறம் நிறுத்தி, கடைசிக் கறவையில் டாக்டர் தருகிற மருந்தை நாலு காம்பிலும் ஏற்றிவிட்டால் முடிந்தது. மூன்றும் சேர்ந்து வற்றி நிற்கிற நாட்களில் தண்ணீர் காட்டவும் தட்டுப் போடவும் யார் வேண்டுமானாலும் போதும். அத்தையே பார்த்துக்கொள்வார்.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது, நடப்பில் இரண்டுதான் சேர்ந்து வந்தன. மூன்றாவதற்கு ஊசி நிற்காமல் பின்னால் தள்ளிப்போய்விட்டது. ஆனாலும் இரண்டு வற்றி ஒன்று மட்டும் கறந்த காலத்தில் அந்த ஒரு மாட்டை அக்காவிடம் விட்டுவிட்டு மகள் ஹாஸ்டலுக்குப் போய் அவளோடு இரண்டு ராத்திரி தங்கி வந்தோம், கூடவே கொடைக்கானல் ஒரு எட்டு. அவர் காலை நாலரைக்கு லாட்ஜில் எழுந்து உட்கார்ந்து டீக்கடை எப்போது திறக்கும் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு போனாலும் அந்தப் பழக்கம் போகாது போல.

இதில் ஒரு விலை இருக்கிறது, மறைக்கவில்லை. கறவை இல்லாத மாதங்களில் பால் பணம் சுத்தமாக நின்றுவிடும், செலவு நிற்காது. கறக்கிற காலத்திலேயே பட்டுவாடாவுக்குப் பட்டுவாடா கொஞ்சம் எடுத்துத் தனியாக வைக்காவிட்டால் தீவனக் கடையில் கடன் ஏறும். மாட்டுக் கடன் ஓடிக்கொண்டிருப்பவர்கள் தவணை முடியும்வரை இந்தச் சேர்த்து வற்ற வைக்கிற யோசனைக்கே போகாதீர்கள். முதலில் ஒன்றிரண்டு மாட்டை நல்ல நிலையில் விற்றுக் கடனைக் கட்டிவிட்டு அப்புறம் பாருங்கள். பால் ஊற்றுகிற சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் கொஞ்ச நாள் பால் ஊற்றாவிட்டால் உறுப்பினர் தகுதி, போனஸ் என்ன ஆகும் என்பதையும் செயலாளரிடம் முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முழுதாக விட்டுவிடுங்கள் என்று நான் யாருக்குச் சொல்வேன்? தனி ஆளாகக் கறந்துகொண்டிருப்பவர்களுக்கு, அதிலும் ஐம்பது தாண்டிய பெண்களுக்கு. பிள்ளைகள் வெளியூரில், வீட்டுக்காரர் இல்லை அல்லது முடியாதவர், மாற்றாள் கிடைக்காத ஊர், இந்த நிலையில் இரண்டு மாடுகூட அதிகம். நாலு ஆடு போதும், ஆட்டுக்கு ஒரு நாள் தழை கட்டிப்போட்டால் ஓடிவிடும், அவசரத்துக்கு ஒன்றைப் பிடித்து விற்கலாம். வயது இருக்கிறது, இரண்டு பேர் இருக்கிறீர்கள், தீவன நிலம் சொந்தம், சலிப்பு மட்டும்தான் பிரச்சினை என்பவர்கள் விற்பதற்கு முன் மாற்றாளைத் தேடி ஒரு மாதமாவது பழக்கிப் பாருங்கள். ஒரு வாரம் வெளியே போய்விட்டு வந்தும் கட்டுத்தரைக்குள் நுழைய மனசு வரவில்லை என்றால் அப்போது தாராளமாக விற்கலாம்.

எங்கள் நிலைமை இப்போது இது. மூன்று ஜெர்சி. புல் அறுக்கப் பிரஷ் கட்டர் வாங்கினோம், குனிந்து அரிவாள் பிடிப்பது நின்றது. காலைக் கறவை இரண்டு பேரும், சாயங்காலம் மெஷின் வைத்து அவர் மட்டும். நான் கம்பெனிக்கு ஒரு ஷிப்ட் போகிறேன், ஒன்றரை ஷிப்ட் கேட்டால் முடியாது என்று முதலிலேயே பேசிவிட்டுத்தான் சேர்ந்தேன், அதனால் சம்பளம் மற்றவர்களைவிடக் குறைவு. மொத்த வருமானம் எட்டு மாடு காலத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான், டாக்டர் செலவையும் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. பின்தங்கிப்போன அந்த மூன்றாவது மாட்டுக்கு இந்தத் தையில் மறுபடி ஊசி போட்டிருக்கிறது. பிடித்துவிட்டால் மூன்றும் சேர்ந்துகொள்ளும். பிடிக்காவிட்டால் பால் இருக்கிறபோதே விற்றுவிட்டு, ஐப்பசியில் நிறைசினையாக ஒன்று வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அவர் இப்போதே யாரைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போவது என்று ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டார், அதுவும் ஜெர்சிதானா என்பதை மட்டும் இன்னும் என்னிடம் சொல்லவில்லை.